சைகோன் மாப்பிள்ளையின் மீன்தொட்டி

பீர் மைதீனின் மீன்தொட்டி மறுபடியும் பச்சையாகிவிட்டது. போன வாரம்வரை கண்ணாடிக்குப் பின்னால் மீன் திரும்புவதும் செடி அசைவதும் தெரிந்தன. இப்போது மருதாணியை அரைத்துக் கரைத்து வைத்ததுபோல ஒரே பச்சை. மீன் உயிரோடு இருக்கிறதா என்பதை, அது மூச்சு வாங்க மேலே வந்து வாயைத் திறக்கும்போதுதான் தெரிந்துகொள்ள முடிந்தது. பீர் மைதீன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். எழுந்து போய்ச் செய்யத்தான் முடியாது. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை.

காரைக்காலில் இதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடற்கரை முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருடைய பெட்டியைக்கூட வேறு யாராவதுதான் தூக்கி வருவார்கள். அன்றைக்கு உட்காரவைத்த நாற்காலியிலேயே ஆயுசுக்கும் உட்காரவைத்திருப்பார்கள். தண்ணீர் என்று வாயைத் திறப்பதற்குள் சொம்பு வந்துவிடும். அவர் கிணற்றடிக்குப் போகக்கூடாது, வாளியைத் தொடக்கூடாது, சமையல்கட்டில் எட்டிப் பார்க்கக்கூடாது. தொட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளையை வேலை வாங்குகிறார்கள் என்று அந்த வீட்டுப் பெண்களின் மானம்தான் தெருவில் நிற்கும்.

மாப்பிள்ளையும் பதிலுக்குக் குறை சொல்லக்கூடாது. பீர் மைதீன் கல்யாணமான புதிதில் ஒருநாள், மீன் ஆணத்தில் உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டார். மாமியார் அந்தக் குழம்பைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாராமே என்று மூன்று தெரு தள்ளியிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியே அவர் காலத்தை ஓட்டினார்.

ஓட்டுவது அப்போது கஷ்டமாகவும் இல்லை. நிக்காஹ் முடிந்த கையோடு சைகோனுக்குக் கப்பல் ஏறியவர் அவர். ஒரு ஜவுளிக்கடையில் துணி அளக்கச் சேர்ந்து, கடையையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்தார். மூன்று வருஷத்துக்கோ நாலு வருஷத்துக்கோ ஒருமுறை ஊருக்கு வருவார். சில மாதம் இருப்பார், திரும்பிப் போய்விடுவார். கடல் தாண்டிப் பிழைக்கப் போகிற சபராளிகள் எல்லோருக்கும் அதுதான் வாழ்க்கை. விருந்தாளியாக வருகிறவரை விருந்தாளியாக நடத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்?

சைகோனில் அவர் ஆசைப்பட்டுத் தன் கையால் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த அறையில், அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் செடியும் மீனும். முதல் இரண்டு வருஷம் மீன்களை வரிசையாகச் சாகடித்தார். தண்ணீர் பச்சையாகும், இலைமேல் வழவழவென்று பாசி படரும், ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவார். அடுத்த வாரமே முன்னைவிட அதிகமாகப் பாசி வந்து நிற்கும். மெதுவாகத்தான் சூட்சுமம் பிடிபட்டது. வெயில் அதிகமானால் பாசி. தீனி அதிகமானால் பாசி. கை அதிகமாகப் பட்டாலும் பாசி. வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு சிட்டிகை தீனி போட்டு, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவ்வப்போது மாற்றி, வேரை அசைக்காமல் விட்டுவிட்டால் செடி கொழிக்கும். செடி கொழித்தால் பாசிக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது.

இந்தோசீனாவில் சண்டை முற்றி, பிரான்சுக்காரர்கள் மூட்டை கட்ட, சைகோன் கடையும் மூடப்பட்டது. காரைக்காலில் அவர்கள் கொடி இறங்கிய மறுவருஷம் பீர் மைதீனும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கூட வந்தவர்கள் பட்டும் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, கப்பல் முழுக்க மடியில் வைத்து, ஆறு மீன்களைக் கொண்டுவந்தார். விரல் நீளம், உடம்பெல்லாம் முத்துமுத்தாகப் புள்ளி, நெஞ்சுக்குக் கீழே நூல்போல இரண்டு மீசை. துறைமுகத்தில் பார்த்தவர்கள், காரைக்காலுக்கா மீன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

கொல்லர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, தண்ணீர் கசியாமல் இடுக்குகளை மக்கு வைத்து அடைத்தார். அரசலாற்று மணலை அலசிப் பரப்பினார்கள். சுரக்குடியில் மனைவி வீட்டு நிலத்தைப் பயிரிடும் இளையபெருமாள், குட்டையிலிருந்து நாடாபோல நீண்டு வளரும் நீர்ச்செடிகளைப் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "ஐயா, எங்க ஊர்ல இதைப் புடுங்கி வரப்புல எறிஞ்சிடுவோம். நீங்க கண்ணாடிக்குள்ள வச்சிக் கும்புடுறீங்களே!" என்றார். தொட்டி அமைந்த அன்று பீர் மைதீன் பசியாறவும் மறந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் தனக்கென்று ஒரு மூலை கிடைத்துவிட்டதாக நினைத்தார், பாவம்.

வீட்டில் அவரைத் தவிர மூன்று பேர். மனைவி ஆஸியா பீவி, அவளுடைய விதவைத் தங்கை ஆரிபா, வேலைக்கு வந்துபோகும் அல்லி. ஒரே மகன் வழக்கப்படி நாகூரில் மாப்பிள்ளையாகப் போய் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூன்று பெண்களும் கூடிப் பேசி, மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்த பொருளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். முதல் காரியமாக, கூடத்தின் இருட்டுச் சுவரோரம் அவர் வைத்திருந்த தொட்டியை முற்றத்து ஓரத்துக்கு நகர்த்தினார்கள். வீட்டில் அதைவிட மதிப்பான இடம் கிடையாது. உச்சி வெயில் நேராக அங்கேதான் இறங்கும். அல்லி காலையில் பழைய தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினாள். ஆரிபா செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புளி போட்டு அலசி, திரும்ப நட்டாள். ஆஸியா பீவி மீன்களுக்கு மூன்று வேளையும் இடியாப்பம் உதிர்த்துப் போட்டாள்.

போதாக்குறைக்கு விருந்தாளிகள். சைகோன் மீனைப் பார்க்கத் தெருவே வந்தது. வந்த பெண்கள் வெள்ளைத் துப்பட்டியை ஒதுக்கிவிட்டு, வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போட்டால் நன்மை என்று ஆளுக்கு ஒரு பிடி பொரியோ ரொட்டியோ போட்டுவிட்டுப் போனார்கள். மீனுக்குப் போடுவதும் ஒரு தானம்தான். தானத்தை யார் தடுப்பது? எல்லாம் மரியாதையாகவே நடந்தது. எல்லாமே பாசிக்குத்தான் விருந்தாகப் போனது.

பீர் மைதீன் வாய் திறக்காமலே சில வழிகளை முயன்று பார்த்தார். வெயில் பக்கம் ஒரு கெட்டித் துணியைத் தொங்கவிட்டார். மாப்பிள்ளை மீனைத் துணி போட்டு மூடினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஆரிபா அதைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். பாசியைத் தின்னட்டும் என்று இளையபெருமாளிடம் சொல்லி நத்தை வரவழைத்தார். "யா அல்லா, வீட்டுக்குள்ள நத்தை!" என்று ஆஸியா பீவி அலறியதில், அல்லி அத்தனையையும் முறத்தில் வாரிக் கொல்லையில் கொட்டினாள். தண்ணீர் பச்சையாகும்தோறும் இன்னும் சுத்தம் பண்ணினார்கள். இன்னும் சுத்தம் பண்ணும்தோறும் இன்னும் பச்சையானது. தினம் தினம் தண்ணீர் மாறியதைத் தாங்காமல் ஒரு மீன் செத்து மிதந்தது. பிறகு இன்னொன்று. ஆஸியா பீவி கலங்கிப்போய், மிச்சமிருந்த நாலுக்கும் தீனியைக் கூட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் நெய்னா முகம்மது வந்தார். பீர் மைதீனுக்குச் சாச்சா மகன், அதாவது சித்தப்பா பிள்ளை, பினாங்கில் கடை வைத்திருப்பவர். "இங்க உக்காந்து என்ன நானா செய்யப் போறீங்க? நோன்பு முடிஞ்சி பெருநாளுக்கப்புறம் நான் கப்பலேறுறேன். நீங்களும் வாங்க. கடையில ஒரு பெரிய மனுஷன் வேணும் எனக்கு," என்றார். அண்ணனைக் கூப்பிடும் அந்த 'நானா'வில் உண்மையான அக்கறை இருந்தது. பீர் மைதீன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க அதிகம் இல்லை. ஒரு துணியைத் தொங்கவிடும் உரிமைகூட இல்லாத வீட்டில் மனிதன் எத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்? இந்த வீடு தனக்கும் வீடாக வேண்டும், இல்லையென்றால் திரும்பப் போய்விடவேண்டும் என்று அவர் மனசு இரண்டாகக் கிடந்தது. மூன்றாவது மீனும் செத்த அன்று, போய்விடுவது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார்.

நோன்பு பிறக்கச் சில நாள் இருக்கும்போது ஒரு நிக்காஹ் வந்தது. பெண்கள் எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு காலியாக இருந்தது. பீர் மைதீன் வாசலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டினார். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை முகந்து வெளியே ஊற்றினார். கண்ணாடியில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். அத்தனை வருஷத்தில் அந்தக் கிணற்றின் ஆழம் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நாலு வாளி இறைப்பதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

பக்கத்து வீட்டு உம்மு சல்மா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பப் போனவள், இதைக் கண்ணாரப் பார்த்துவிட்டாள். கல்யாண வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்த வேகத்திலேயே ஆஸியா பீவி திரும்பி வந்துவிட்டாள். துப்பட்டியைக்கூடக் களையவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

"வாளிய கீழ வைங்க."

அவர் வைக்கவில்லை.

"அத்தனை பேரு முன்னால வந்து சொல்றா, ஒங்க வீட்டு மாப்பிள்ளை தண்ணி எறைச்சிக்கிட்டு நிக்கிறாருன்னு. என் மூஞ்சிய நான் எங்க கொண்டு போயி வச்சிக்கிறது? ஒங்களுக்கு இந்த வீட்டுல என்ன கொறை வச்சோம்?"

"ஒரு கொறையும் வக்கலை, ஆஸியா. மீனுக்கும் ஒரு கொறையும் வக்கலை. அதான் ஒண்ணொண்ணா சாகுது."

சொன்னபிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. வெயிலைச் சொன்னார், இடியாப்பத்தைச் சொன்னார், புளியைச் சொன்னார், நத்தையைச் சொன்னார். "சும்மா விட்டா தண்ணி தானே தெளியும். நீங்க யாரும் சும்மா விடமாட்டேங்கிறீங்க. என்னையும் எந்திரிக்க விடமாட்டேங்கிறீங்க. நான் நெய்னா கூட பினாங்குக்கே போயிடலாம்னு இருக்கேன்," என்று அதையும் சொல்லிவிட்டார்.

ஆஸியா பீவி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள்.

"போங்க. போனா நானும் கொஞ்சம் மூச்சு விடலாம். நீங்க வந்த நாள்லேர்ந்து முத்தத்துல காலை நீட்டி உக்காந்திருக்கேனா நான்? ஒரு நாளாவது மிச்ச சோத்துக்குத் தண்ணி ஊத்தி, ஊறுகாய தொட்டுக்கிட்டு படுத்திருக்கேனா? லீவுல வந்தா நாலு மாசம், பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடலாம். இப்ப ஒரேயடியா வந்தப்புறமும் விருந்தாடி மாதிரியே உக்காந்திருந்தா, ஒரு பொம்பளை எத்தனை நாளைக்குத்தான் விருந்தாக்குவா?"

"எனக்கு அது தெரியாதே," என்றார் அவர்.

"நீங்க கேக்கலையே."

"நீயும் சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைகிட்ட போயி, நீங்க இருக்கறதுல எனக்கு இடுப்பு ஒடியுதுன்னா சொல்லுவாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வாளியின் பிடியை ஒரு பக்கம் அவளும் பிடித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தொட்டி பழைய சுவரோரத்துக்குப் போய்விட்டது. முற்றத்துப் பக்கம் கெட்டித் துணி தொங்கியது. இளையபெருமாள் மறுபடியும் செடி கொண்டுவந்தார், நத்தையும் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஆஸியா பீவி முகத்தைச் சுளித்துக்கொண்டு அவற்றைத் தானே தண்ணீரில் விட்டாள். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த வீட்டுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் பச்சை அப்படியே இருந்தது.

"சும்மா இருக்கறதுதான் வைத்தியமா?" என்று கேட்டாள் ஆஸியா பீவி.

"சும்மா இருக்கறதுதான்."

"சமைச்சிப் போடுறதைவிட இது கஷ்டமா இருக்கே!"

நோன்பு பிறந்தது. பெண்கள் நோன்புக் கஞ்சியைக் கொடுக்கவும் வாங்கவும் வந்துபோனார்கள். பொரியை எடுத்துக்கொண்டு யாராவது தொட்டிப் பக்கம் போனால் ஆஸியா பீவி குறுக்கே நின்றாள். "போடாதீங்க, அதுங்களும் நோன்பு," என்றாள். சிரித்தார்களே தவிர ஒருத்தி மனசும் கோணவில்லை. நோன்பை முறிக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? இவ்வளவு எளிதாக முடிகிற காரியத்துக்கா இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று பீர் மைதீன் வியந்தார். நாள் போகப் போகத் தண்ணீர் வெளிறியது. முதலில் செடியின் நுனி தெரிந்தது, அப்புறம் மணல் தெரிந்தது. மிச்சமிருந்த மூன்று மீன்களும் இலைகளுக்கு நடுவே நிதானமாகத் திரிந்தன.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. வெளி ஆள் வாசலில் செருப்பை விட்டால் போதும், ஆஸியா பீவி சட்டென்று தலையை மூடிக்கொள்வாள், நாற்காலி துடைக்கப்படும், பீர் மைதீன் மறுபடியும் மாப்பிள்ளையாகிவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு அவள் காலை நீட்டி உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் கதவு திறந்ததும் காணாமல் போய்விடும். தெருவுக்கு அவள் பயந்தாள், அதில் தப்பும் இல்லை. ஆனால் ஒளித்து வைத்து வாழ்கிற வீடு எத்தனை நாளைக்கு வீடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நெய்னா முகம்மதுக்கு இன்னும் பதில் சொல்லாமலே இருந்தார்.

பெருநாளுக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நெய்னா முகம்மது பதில் கேட்க வந்தார். மறுநாளுக்குள் நாகப்பட்டினத்தில் சீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சமையல்கட்டில் ஒரே அமளி. பெருநாள் பலகாரமான வட்டலப்பத்துக்கு முட்டை அடிக்க உம்மு சல்மாவும் அவள் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"தண்ணி நல்லா தெளிஞ்சிட்டே, நானா," என்று நெய்னா முகம்மது தொட்டியைப் பார்த்துச் சொன்னார். "இதை யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டுக் கெளம்புங்க. என்ன சொல்றீங்க?"

பீர் மைதீன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அந்த நிமிஷம்வரை அவருக்கே தெரியாது.

"என்னங்க!" என்று சமையல்கட்டிலிருந்து ஆஸியா பீவியின் குரல் வந்தது. நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். "அங்க என்ன உக்காந்து கதை பேசிக்கிட்டிருக்கீங்க? அல்லி வரலைன்னு தெரியாதா? அரிசி களையத் தண்ணியில்ல. ரெண்டு வாளி எறைச்சிக் கொண்டாங்க!"

முட்டை அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. உம்மு சல்மா கதவுப் பக்கம் வந்து ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். நெய்னா முகம்மது குரலைத் தாழ்த்தி, "ஒங்களையா கூப்புடுறாங்க?" என்று கேட்டார்.

"என்னைத்தான்," என்றார் பீர் மைதீன். எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

"அப்ப பினாங்கு?"

"எங்கேர்ந்து வர்றது நெய்னா? பாரு, வீட்டுல வேலை கெடக்கு."

"காதுல விழுந்துதா இல்லையா?" என்று மறுபடியும் குரல் வந்தது. அந்தக் குரல் லேசாக நடுங்கியது. உம்மு சல்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள் என்பது கூடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

"வர்றேன், வர்றேன்!" என்று அவரும் தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். முதல் வாளி மேலே வரும்போது கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, கயிற்றைப் பிடித்திருந்தார்.